அதே வணக்கப் பாட்டு, அதே ஆறு பிள்ளைகள்: எனக்குள்ள ஒண்டும் ஊறுதில்ல

கல்லடி_இசை
செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்க.

மட்டக்களப்புக் கல்லடியில ஒரு சின்ன நிலையத்தில பிள்ளைகளோட இசைச் சிகிச்சை செய்யிறன். செவ்வாய்க்கிழமை ஆறு பிள்ளைகள் குழுவா வருவாங்க. வியாழன் நான் கல்முனைப் பக்கம் போய் நாலு பேரைத் தனித்தனியாப் பார்க்கிறன். ஓட்டிசம் உள்ளவங்க, பெருமூளை வாதம் உள்ள ஒரு மகள், டவுன் சின்ட்ரோம் உள்ள ரெண்டு பேர், காது சரியாக் கேக்காத ஒரு பொடியன். இது நாலாவது வருசம்.

ஆறு மாதமா எனக்குள்ள ஒண்டும் ஊறுதில்ல. கீபோட்டில கை வைச்சா விரல் தானாப் பழைய இடத்துக்கே போகுது. வணக்கப் பாட்டு, கைதட்டுப் பாட்டு, போய்வாறம் பாட்டு. மூண்டையும் நான்தான் கட்டினன், நாலு வருசமா அதுதான் ஓடுது. திங்கக்கிழமை ராவு முழுக்க யூடியூப்பில தேடி எடுத்துக்கொண்டு போவன், செவ்வாய்க்கிழமை அந்தப் புதுப் பாட்டு பத்து நிமிசத்தில செத்துப் போயிடும். பிள்ளைகளுக்கு நான் குறைவாக் குடுக்கிறன் எண்ட எண்ணம் நித்திரையைக் கெடுக்குது.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்றன். அடையாளம் வராத மாதிரித்தான் சொல்லலாம். வியாழக்கிழமை வாற பொடியன், ஏழு வயசு, பேச்சு இல்ல. றபானை (கையால அடிக்கிற ஒருபக்கத் தோல் மேளம்) குடுத்தா அடிக்கமாட்டான், கிலுகிலுப்பையைக் கீழ போட்டுடுவான். மேசையிலதான் அவன்ட வேலை. விரல் நுனியால ரெண்டு தட்டு. மறுகா உள்ளங்கையை மேசை மேல இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு ஒரே இழுவையா இழுப்பான். மறுகா ஓங்கி ஒரு அடி. இதே ஒழுங்கு, முப்பது நிமிசமும். ஆதி தாளத்தில கூடப் போனன், ரூபகத்தில போனன், ஒண்டுக்கும் பொருந்தி வரல்ல. அந்த இழுவைக்கு நேரக்கணக்கு இல்ல, ஒருக்கா நீளம், ஒருக்கா கட்டை. நான் சேர்ந்து வாசிச்சா நிப்பாட்டிடுவான்.

கலை வேலை செய்யிறவங்க, பிள்ளைகளோட இருக்கிறவங்க, உங்களுக்கு இப்பிடி வறண்டு போனா என்ன செய்வீங்க?


புதுவாத்தியார்
செவ்வாய், இரவு 10.55

அக்கா, நான் அம்பாறை மாவட்டத்தில ஒரு பாடசாலையில சங்கீதம் படிப்பிக்கிறன். என்ட பிள்ளைகளுக்குப் புதுப்படப் பாட்டு போட்டா உசாராயிடுவாங்க. கிழமைக்கு ஒரு பாட்டு மாத்திப் பாருங்களன். வேணுமெண்டா கரோக்கி ட்ராக் ஒரு அறுபது இருக்கு, அனுப்பிவிடுறன்.


நெசவுக்கார உம்மா
புதன், காலை 6.10

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் மருதமுனை. எனக்கும் ஓட்டிசம் உள்ள மகள் ஒருத்தி, பத்து வயசு, உங்களிட்ட வாற புள்ள இல்ல. வேற இடத்தில பாட்டு வகுப்புக்குப் போறா.

முதல்ல ஒரு தாயாச் சொல்றன், அந்தப் பாட்டை மாத்தாதீங்க. என்ட மகள் ஆட்டோ அந்த ரோட்டுக்குத் திரும்பினதும் வணக்கப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிடுவா. இறங்க முதல் அவட முகம் விரிஞ்சிடும். போன வருசம் புதுசா வந்த டீச்சர் அந்தப் பாட்டை எடுத்துட்டு வேற பாட்டு வச்சாங்க. என்ட புள்ள வாசல்லயே குந்திட்டா, மூணு கிழமை உள்ளுக்குப் போகல்ல. உங்களுக்கு அது அலுத்த பாட்டு, அவளுக்கு அது வீட்டு வாசல்.

ரெண்டாவது, அந்தப் பொடியன்ட கதையை ரெண்டு மூணு தரம் வாசிச்சன். ரெண்டு தட்டு, ஒரு இழுவை, ஒரு ஓங்கின அடி. டீச்சர், இது தறிச் சத்தம் மாதிரி இருக்கு. மிதியை மிதிக்கிறது, குறுக்கு நூலைக் கொண்டு போற நாடாக்கட்டை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு ஓடுறது, பலகையை இழுத்து நூலை நெருக்கி அடிக்கிறது. நூல் அறுந்தா, சிக்கினா, நாடா சுணங்கும். அதான் ஒருக்கா நீளம், ஒருக்கா கட்டை. நான் புறந்ததுல இருந்து கேக்கிற சத்தம். அந்தப் புள்ளட வீட்டுல, பக்கத்து வீட்டுல தறி இருக்கா எண்டு கேட்டுப் பாருங்க.


கல்லடி_இசை
புதன், காலை 6.45

வஅலைக்குமுஸ்ஸலாம். ராத்தா, இதை வாசிச்ச நேரம் உடம்பு சிலிர்த்துப் போச்சு. எனக்கு இது தோணவே இல்ல. நாளைக்குப் போறன், கேக்கிறன்.


வடமோடிக்காரன்
புதன், பிற்பகல் 1.30

தங்கச்சி, அலுப்பைப் பற்றி நான் ஒண்டு சொல்ல வேணும். எங்கட அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர். சின்ன வயசில அவருக்குப் பக்கத்தில சல்லாரித் தாளம் பிடிச்சு வளந்தவன் நான்.

ஆட்டக்காரருக்குக் கூத்துச் சட்டம் (அவங்கட பாட்டுப் பகுதி) குடுத்த நாள்ல இருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில ராவு ராவா ஒரே வரவுப் பாட்டை, ஒரே தாளக்கட்டைப் பழகுவம். களரியில ஒருத்தன் படிக்க, பிற்பாட்டுக்காரர் அதே வரியைத் திருப்பிப் படிப்பினம். ஒரு ராவில எத்தனை தரம் திரும்பும் எண்டு கணக்கில்ல. இருந்தும் வட்டக்களரியைச் சுத்தி இருக்கிற சனம் விடியும் வரைக்கும் இருக்கும். ஏனெண்டு அப்பாட்ட ஒருநாள் கேட்டன். திரும்பிற வரி ஒண்டுதான், ஆடுறவன்ட கால் ஒவ்வொரு தரமும் வேற எண்டார். மத்தளக்காரன் பாட்டைப் பார்த்து அடிக்கிறதில்ல, காலைப் பார்த்துத்தான் அடிக்கிறவன். ஆட்டக்காரன் களைச்சா மத்தளம் தளரும், அவன் எழும்பினா மத்தளமும் எழும்பும்.

நீங்க ஆறு மாதமாப் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீங்க போல கிடக்கு. பாட்டு அப்பிடியே கிடக்கட்டும், பிள்ளைட காலைப் பாருங்க.

இன்னொண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு வாய்த்தாளம் குடுத்துப் பாருங்க. "தகதிக தெய்" எண்டுறதுக்கு அர்த்தம் இல்ல. அர்த்தம் இல்லாததால பிழையாச் சொல்லவும் ஏலா. எங்கட ஊர்ல கொன்னையா இருந்த ஒரு பொடியன் பேச முதல் தாளக்கட்டுச் சொன்னவன். அதை மருந்தெண்டு நான் சொல்லேல்ல, கண்டதைச் சொல்றன்.


பேச்சுப்பயிற்சி
புதன், இரவு 8.05

நான் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர். மேலே வந்தவை எல்லாம் நல்ல யோசனைகள். அவற்றோடு இரண்டு விடயங்களைக் கவனத்தில் வைக்கும்படி கேட்கிறேன்.

ஒன்று, ஆதாரம். 2017இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 9 நாடுகளில் 4 முதல் 7 வயது வரையான, ஓட்டிசம் உள்ள 364 பிள்ளைகள். பிள்ளையின் ஒலிக்கு ஏற்ப உடனுக்குடன் வாசிக்கும் இசைச் சிகிச்சையை 5 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகளின் கடுமையில் வழமையான பராமரிப்பை விடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளையின் ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பயன் இருக்கக்கூடும் என்று வந்தது. இதை உங்களைச் சோர்வடையச் செய்ய எழுதவில்லை. பெற்றோருக்கு எதைச் சொல்கிறோம் என்பதில் நேர்மை வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். "பாட்டுப் படித்தால் பேச்சு வரும்" என்று நாங்கள் சொல்லக்கூடாது. பிள்ளையோடு ஒரு உறவு வரும், அந்த அரைமணி நேரம் நல்ல நேரமாக இருக்கும். அதுவே பெரிய விடயம்.

மற்றது, சத்தம். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சில சத்தங்கள் உடல்வலி போலத் தாங்கமுடியாதவை. மத்தளம், பறை, உடுக்கு எல்லாம் மூடிய அறைக்குள் மிகப் பலமானவை. கோயில் திருவிழா வெடிக்குப் பிறகு ஒரு கிழமை நித்திரை கொள்ளாத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒன்றைக் கொண்டுபோகும்போது முதலில் கதவுக்கு வெளியே, தூரத்தில் வையுங்கள். பிள்ளை அதனிடம் போகட்டும்.

தறி விடயத்திலும் முடிவு கட்டிவிடாதீர்கள். தறியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் மூன்று பகுதிகளை ஒழுங்கு மாறாமல் செய்கிறான். பேச்சுக்கு முந்திய ஒழுங்கு அது. எனக்கு அதில்தான் ஆர்வம்.


கல்லடி_இசை
புதன், இரவு 9.30

நன்றி டொக்டர். தாய்மாருக்கு நான் ஒருநாளும் அப்பிடி வாக்குக் குடுத்ததில்ல, இனியும் குடுக்கமாட்டன்.

அண்ணா, நீங்க சொன்ன பிற்பாட்டு எனக்குள்ள சுத்திக்கொண்டே கிடக்கு. அமெரிக்க இசையமைப்பாளர் போல் நோர்டோஃபும் இங்கிலாந்தில விசேட கல்வி ஆசிரியராய் இருந்த கிளைவ் ரொபின்ஸும் 1959இல சேர்ந்து பிள்ளைகளோட இசைச் சிகிச்சை வேலையைத் தொடங்கினவங்க. பிள்ளை எழுப்பிற சத்தத்தில இருந்துதான் இசை தொடங்க வேணும் எண்டுறது அவங்கட வழி. அழுகை எண்டாலும், மேசை அடி எண்டாலும். படிச்ச காலத்தில சோதினைக்கு எழுதின விசயம். உங்கட அப்பா ஆட்டக்காரன்ட காலைப் பார்த்ததும் அதுவும் ஒண்டுதான் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.


குரல்துத்தம்
வியாழன், காலை 11.15

நான் கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில இசை படிச்சு வெளியில வந்தவள். அக்கா, உங்களிட்ட சைலோபோன் கிடக்கா? கட்டை கழட்டக்கூடிய வகை எண்டா ம, நி ரெண்டையும் கழட்டி எடுங்க. மிச்சம் ச ரி க ப த. மோகனம். அஞ்சு கட்டையில எதை எதோட அடிச்சாலும் காதை உறுத்தாது, பிள்ளைக்குப் பிழை எண்டு ஒண்டு இல்ல.

இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்ததுதான் சொல்ல வந்தது. அந்த அஞ்சு கட்டையையும் தொடாம, நீங்க கீழ பிடிக்கிற சுருதியை மட்டும் மாத்துங்க. ரி-யை ஆதாரமாப் பிடிச்சா அதே கட்டைகள் மத்தியமாவதி. க-வைப் பிடிச்சா இந்தோளம். ப-வில சுத்த சாவேரி, த-வில சுத்த தன்யாசி. பிள்ளை தன்ட பாட்டுக்கு ஒரே மாதிரி அடிச்சுக்கொண்டிருக்கும், அவன்ட உலகத்தில ஒண்டும் மாறேல்ல. உங்கட காதில அஞ்சு ராகம் போகும். அலுப்பு உங்களுக்குத்தானே, மாத்தத்தை உங்கட பக்கத்தில வைச்சுக்கொள்ளலாம்.

காரைதீவில 1892இல பிறந்த விபுலானந்த அடிகள் இந்தச் சுரப் பெயர்ச்சியில, பழந்தமிழ் இசையில பாலை எண்ட சுர அமைப்புகள் ஒண்டில இருந்து ஒண்டு பிறக்கிற கணக்கில வருசக்கணக்கா ஊறிக் கிடந்தவர். அதைப் பற்றி அவர் எழுதின யாழ் நூல் 1947இல வந்தது, அதே வருசம் அவர் போயிட்டார். நீங்க வேலை செய்யிற கல்லடியிலதான் சிவானந்தா பாடசாலை வளவில அவர்ட சமாதி கிடக்கு. நான் சோதினைக் காலத்தில அங்க போய் இருப்பன்.

இன்னும் ஒண்டு, சொல்லாம விட ஏலா. சிலப்பதிகாரத்தில ஆய்ச்சியர் குரவை எதுக்கு நடந்தது எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? பால் உறையேல்ல, வெண்ணெய் உருகேல்ல, மாடு கண் கலங்கி நிக்குது. சேரி முழுக்கப் பயம். கண்ணகிக்கு இடம் குடுத்த இடைச்சி மாதரி உடன ஏழு பெண்பிள்ளைகளை வட்டமா நிப்பாட்டி ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தைப் பேராக் குடுக்கிறா. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். கண்ணகி பார்த்துக்கொண்டிருக்க, கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் எண்டு கைகோத்து ஆடினாங்க. அண்டைக்குப் பாடின முல்லைப் பண்ணை இண்டைய மோகனம் எண்டுதான் ஆய்வாளர் பலர் சொல்லுவினம், உங்கட அஞ்சு கட்டை. கலங்கின மனசுக்கு இசையைக் குடுத்த அந்தக் காட்சியில இருந்த கண்ணகிக்குத்தான் எங்கட ஊரெல்லாம் வைகாசியில குளுத்திச் சடங்கு வைக்கிறம்.

செவ்வாய்க்கிழமை உங்கட ஆறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சுரத்தைப் பேராக் குடுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டை. நீங்க தோளைத் தொட்டா அந்தப் பிள்ளை அடிக்கட்டும். யாரைத் தொடுறீங்களோ அதுதான் பாட்டு. அஞ்சு கட்டையும் மேல் ச-வும் சேர்ந்தா ஆறு.


வண்ணத்தி
வியாழன், இரவு 7.40

இவ்வளவு நாளும் இந்தக் களத்தில வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். இண்டைக்கு எழுதாம இருக்க ஏலல்ல.

சண்டைக் காலத்தில, 96க்குப் பிறகு, மட்டக்களப்பில வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா எண்டு ஒண்டு இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒண்டா வைச்சு, களிமண், சித்திரம், கதை, பாட்டு எண்டு நடக்கும். நானும் போன பிள்ளை. எட்டு வயசு. வீட்டில நடந்ததை நான் இங்க எழுதமாட்டன்.

அங்க ஒருத்தரும் என்னட்ட "என்ன நடந்தது" எண்டு கேக்கல்ல. அதுதான் எனக்கு முதல் ஞாபகம். ஒரு மண்பானை இருந்தது, அதுக்குள்ள வாயை வைச்சு ஊளையிட்டா சத்தம் பெருசாத் திரும்பி வரும். நான் நாள்க்கணக்கா அதைத்தான் செய்தன். பக்கத்தில இருந்த அண்ணா ஒருத்தர் இன்னொரு பானையைக் கொண்டுவந்து எனக்கெதிர குந்தி, நான் ஊளையிட்ட பிறகு அவரும் அதே மாதிரி ஊளையிட்டார். அவ்வளவுதான். அவர் எனக்குப் புதுசா எதையும் கொண்டுவரல்ல தங்கச்சி. என்ட சத்தத்தைத் திருப்பித் தந்தார். இண்டைக்கு எனக்கு ரெண்டு பிள்ளைகள், அந்த அண்ணாட முகம் ஞாபகம் இல்ல, சத்தம் ஞாபகம் கிடக்கு.


புதுவாத்தியார்
வியாழன், இரவு 8.15

அக்காமார் எழுதினதை எல்லாம் வாசிச்சன். கரோக்கி யோசனையை விடுங்க. ஒரு விசயம் உதவலாம். காது கேக்காத பொடியன் இருக்கிறான் எண்டீங்களே, ஊதின பலூனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு றபானுக்குக் கிட்ட நிண்டா அதிர்வு கைக்கு வரும். என்ட வகுப்பில செய்து பார்த்தது. பலூன் வெடிக்கிற சத்தத்துக்குப் பயப்பிடுற பிள்ளைகள் அறையில இருந்தா வேணாம்.


கல்லடி_இசை
செவ்வாய், இரவு 9.50

ரெண்டு வியாழனும் ரெண்டு செவ்வாயும் போன பிறகு எழுதிறன். சுணங்கினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க.

ராத்தா, தறி கிடக்கு. அவன்ட வீட்டில இல்ல, உம்மம்மா வீட்டில. உம்மா வேலைக்குப் போற நேரம் அவனை அங்கதான் விடுறவங்க, தறிக்குப் பக்கத்தில பாய் போட்டு. வீட்டுக்காரர்ட்ட கேட்டுக்கொண்டு நானும் ஒரு பின்னேரம் போய் அந்தப் பாயில இருந்து பார்த்தன். கீழ இருந்து கேட்டா பலகை அடிக்கிற அடி நெஞ்சுக்குள்ளதான் விழுகுது. டொக்டர் சொன்னபடி நான் முடிவு ஒண்டும் கட்டல்ல.

அடுத்த வியாழன் றபானை அவனுக்குக் குடுக்கல்ல, என்ட மடியில வைச்சுக்கொண்டு இருந்தன். அவன் தட்டினான், இழுத்தான், அடிச்சான். நான் சும்மா இருந்தன். கொஞ்ச நேரத்தால அவன் இழுக்கிற நேரம் மட்டும் றபான் தோல்ல நகத்தால ஒரு இழுவை இழுத்தன். அவன்ட கை மேசை நடுவில நிண்டிட்டு. என்ட முகத்தைப் பார்க்கல்ல, என்ட நகத்தைத்தான் பார்த்தான். மறுகா மெல்லமா மிச்சத்தை இழுத்து முடிச்சு அடிச்சான். திரும்பத் தொடங்கினான். இந்த முறை இழுவையைப் பாதியில விட்டுட்டு எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டான். நான் மிச்சப் பாதியை இழுத்தன், அவன் அடிச்சான். அப்பிடிப் பதினேழு தரம், எண்ணினன். நாலு வருசத்தில நான் வாசிச்ச எதுவும் எனக்கு இவ்வளவு பெரிசாக் கேட்டதில்ல. கீபோட்டைத் தொடவே இல்ல.

இண்டைக்குச் செவ்வாய்க் குழு. குரல்துத்தம் தங்கச்சி, ம-வையும் நி-யையும் கழட்டிட்டன். வணக்கப் பாட்டு அப்பிடியே, ஒரு எழுத்தும் மாத்தல்ல. பாட்டுக்குக் கீழ சுருதியை மட்டும் ரி-க்கு இறக்கின நேரம், எப்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிற ஒரு பிள்ளை திரும்பினா. திரும்பினதுக்கு அதுதான் காரணமோ, வெளிய போன பஸ்ஸோ, எனக்குத் தெரியாது. ஆனா என்ட குரல் மாறினது எனக்குத் தெரிஞ்சது. சுரப் பேர் வைக்கிறது முதல் நாள் குழம்பிப் போச்சு, ரெண்டு பேர் தோளைத் தொடவே விடமாட்டாங்க. அவங்களுக்குத் துணிக் கொடி ஒண்டு ஆட்டலாம் எண்டு யோசிக்கிறன். பெருமூளை வாதம் உள்ள மகளுக்கு விளரி, அதாவது த, எண்ட பேர் நல்லாப் பிடிச்சிட்டு. த கட்டையை வேற ஆரும் தொட ஏலா இப்ப.

காது கேக்காத பொடியனுக்குப் பலூன் சரிவரல்ல, கையில பிடிக்கமாட்டன் எண்டுட்டான். அவன்ட அப்பா வாவியில தோணி விடுறவர். கூட்டிக்கொண்டு போக வந்த இடத்தில நிண்டு பார்த்துட்டுச் சொன்னார்: "டீச்சர், பாடும் மீனை நாங்க வெறும் காதால கேக்கிறதில்லயே, சவளை, தோணித் துடுப்பை, தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதோட வைச்சுத்தானே கேக்கிறம்." கல்லடிப் பாலத்தடியில நிலாக் காலத்தில என்ட அப்பாவும் எனக்கு அப்பிடித்தான் கேக்க வைச்சவர். ஊரி, அந்தச் சிப்பி நத்தை, கத்துதெண்டும் சொல்லுவினம், மீன் எண்டும் சொல்லுவினம். எனக்குக் காதுக்குப் பக்கத்து எலும்புக்குள்ளால வந்த அந்த ரீங்காரம்தான் ஞாபகம். இத்தனை வருசம் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போறன், இது எனக்கு வரல்ல. அடுத்த கிழமை பழைய சவள் ஒண்டு கொண்டுவாறன் எண்டிருக்கிறார். ஒரு நுனி மத்தளத்தில, மற்ற நுனி பொடியன்ட தாடை எலும்பில. மெல்லத்தான், டொக்டர்.

மத்தளம்தான் எங்களிட்ட இல்ல.


வடமோடிக்காரன்
செவ்வாய், இரவு 10.05

வீட்டில சின்ன மத்தளம் ஒண்டு கிடக்கு, அப்பா பிள்ளைகளுக்குப் பழக்கிறதுக்கு வைச்சிருந்தது. வார் கொஞ்சம் தளர்ந்து போச்சு, இழுத்துக் கட்டிப்போட்டு அடுத்த செவ்வாய் நாலு மணிக்குக் கொண்டுவாறன். சத்தம் குறைச்சு, விரலால மட்டும் அடிக்கிறன். முதல்ல கதவுக்கு வெளிய இருக்கிறன், பிள்ளைகள் வந்து பார்க்கட்டும்.


நெசவுக்கார உம்மா
புதன், காலை 5.50

டீச்சர், தறியில தேஞ்சு போன நாடா ஒண்டு சும்மா கிடக்கு. மரம், ரெண்டு நுனியும் வழுவழு எண்டு இருக்கும், கூர் இல்ல. அந்தப் புள்ளட கைக்கு அளவா இருக்கும். வியாழன் கல்முனைக்கு வாற நேரம் மருதமுனையில இறங்க ஏலுமா?